தீவாந்தரம் போனவரின் தடம்

1790-களின் தொடக்கம். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் நகரில் ஒரு குதிரைத் திருட்டு வழக்கு. பிடிபட்ட பையன் தன் பெயர் ஜேம்ஸ் பர்ரோ என்று சொல்லியிருந்தான். அது பையனே இல்லை, ஆண் உடை போட்டுக்கொண்ட சிறுமி என்பது பிறகுதான் தெரிந்தது. லங்காஷயரில் உள்ள பரி என்ற ஊரில் 1777-இல் ஞானஸ்நானம் பெற்ற மோலி ஹேடாக் அவள். ஏழு ஆண்டு நாடு கடத்தல் என்று தீர்ப்பாயிற்று. ராயல் அட்மிரல் என்ற கப்பல் அவளை 1792 அக்டோபரில் சிட்னியில் இறக்கிவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து, கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்திருந்த தாமஸ் ரைபியைக் கல்யாணம் செய்துகொண்டு மேரி ரைபி ஆனார். 1811-இல் கணவர் இறந்தபோது கையில் ஏழு பிள்ளைகள், நடந்துகொண்டிருந்த வியாபாரம், சில கப்பல்கள். அத்தனையையும் தனியாளாக நடத்திப் பெருஞ்செல்வம் சேர்த்தார். இன்றைய ஆஸ்திரேலிய 20 டாலர் தாளில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கும் அம்மாள் இவர்தான்.

ஜேம்ஸ் பர்ரோ, மோலி ஹேடாக், மேரி ரைபி. மூன்றும் ஒரே ஆள். ஏதாவது ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு காப்பகங்களுக்குள் போகிறவர் பாதி வழியில் முட்டுச் சுவரில்தான் நிற்பார். பணக்காரியான ரைபிக்கே இந்தக் கதி என்றால், கைக்குட்டை திருடியதற்காகக் கப்பலேறி, வாழ்நாள் முழுக்க ஆடு மேய்த்துச் செத்துப்போன ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

விடை சற்று வியப்பானது. பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதே தெருவில் பிறந்து, திருடாமல், ஊரைவிட்டுப் போகாமல், யோக்கியமாக வாழ்ந்து மடிந்த அவருடைய அண்ணனைத்தான் கண்டுபிடிக்க முடியாது.

நாடு கடத்தும் இந்தத் தண்டனைக்கு நம்மூரில் தீவாந்தர சிட்சை என்று பெயர். பிரிட்டன் இதை 1718-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஒழுங்கான ஏற்பாடாக்கியது. முதலில் கைதிகளை வாங்கிக்கொண்டது அமெரிக்கா. அங்கே போனவர்கள் ஏறத்தாழ 50,000 பேர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. அமெரிக்கா சண்டை போட்டுப் பிரிந்ததும் கைதிகளைக் கொட்ட இடமில்லாமல் போயிற்று. 1776 முதல் தேம்ஸ் நதியில் பழைய கப்பல்களைக் கட்டிப்போட்டு மிதக்கும் சிறைகளாக்கினார்கள். தற்காலிகம் என்று தொடங்கிய அந்த ஏற்பாடு 1857 வரை ஓடியது. 1787 மே 13-ஆம் தேதி 11 கப்பல்கள் போர்ட்ஸ்மவுத்திலிருந்து கிளம்பி, அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலியக் கரை சேர்ந்தன. அன்று தொடங்கி, 1868 ஜனவரியில் ஹூகுமாண்ட் என்ற கடைசிக் கைதிக் கப்பல் ஃப்ரிமேண்டில் துறைமுகத்தை அடைந்தது வரை, ஆஸ்திரேலியா போய் இறங்கியவர்கள் சுமார் 1,62,000 பேர். அவர்களில் பெண்கள் கிட்டத்தட்ட 25,000.

அமெரிக்கா போன கைதிகளைப் பற்றி நமக்குத் தெரிந்தது சொற்பம். காரணம் எளிது. அங்கே கைதி ஒரு சரக்கு. வியாபாரி கப்பலில் கொண்டுபோய்த் தோட்டக்காரரிடம் விற்றுவிட்டால் அரசாங்கத்துக்கு வேலை முடிந்தது. ஆஸ்திரேலியாவில் கைதி அரசாங்கத்தின் பொறுப்பு. சோறு, துணி, வேலை, கசையடி எல்லாமே அரசாங்கக் கணக்கு. கணக்கு இருந்தால் பேரேடு இருக்கும். யாருக்கு எவ்வளவு மாவு, எவ்வளவு உப்புக்கண்டம், யாருடைய தண்டனை எப்போது முடிகிறது என்று எழுதி வைத்தாக வேண்டும்.

எழுதி வைக்காவிட்டால் என்னவாகும் என்பதை அந்த 11 கப்பல்கள் கொண்ட முதல் கப்பற்படையே காட்டிவிட்டது. ஆளுநர் ஆர்தர் பிலிப் கைதிகளைக் கொண்டுவந்தார். அவர்களுடைய தண்டனைக் காகிதங்கள் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டன. ஓராண்டு ஆனதும் சிலர், எங்கள் காலம் முடிந்துவிட்டது, விடுங்கள் என்று கேட்டார்கள். விசாரணைக்கும் மிதக்கும் சிறைக்கும் பயணத்துக்குமே பல ஆண்டுகள் போயிருந்ததால் அது நியாயமான கேள்விதான். பிலிப்பிடம் பதில் சொல்லத் தாள் இல்லை. காகிதம் வரும்வரை கைதிகளாகவே இருங்கள் என்றார். காலம் முடிந்த மனிதர்கள் காகிதம் இல்லாததால் சிறைப்பட்டே கிடந்த விசித்திரம் அது.

இந்தப் பாடத்தை அதிகாரிகள் மறக்கவில்லை. பின்னால் வந்த கப்பல்களோடு பட்டியலும் வரத் தொடங்கியது. லண்டன் உள்துறை வைத்திருந்த கப்பல் பதிவேடு இன்று கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பெயர், தீர்ப்புச் சொன்ன ஊர், தேதி, எத்தனை ஆண்டு ஆகியவை அதில் உண்டு. என்ன குற்றம் என்பது மட்டும் இல்லை! முன்னோரைத் தேடிப் போகும் ஆஸ்திரேலியர்கள் முதலில் ஏமாறுவது இந்த இடத்தில்தான். குற்றம் வேண்டுமென்றால் நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

நீதிமன்றம் லண்டனின் ஓல்ட் பெய்லியாக இருந்தால் அதிர்ஷ்டம். அங்கே நடந்த வழக்குகளைச் சுருக்கெழுத்தில் எடுத்து அச்சிட்டு விற்றார்கள். 1674 முதல் 1913 வரை நடந்த ஏறத்தாழ 2 லட்சம் வழக்குகளை இன்று யாரும் இலவசமாகப் படிக்கலாம். 1789 ஜனவரியில் மேரி வேட் என்ற சிறுமி, தன்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தியின் துணிகளைப் பறித்ததாக அங்கே நிறுத்தப்பட்டாள். தீர்ப்பு, தூக்கு. சில வாரங்களில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநோயிலிருந்து தேறினார். அந்தக் கொண்டாட்டத்தில் மரண தண்டனை பெற்றிருந்த பெண்களுக்கு நாடு கடத்தலாகக் குறைத்துக் கருணை காட்டப்பட்டது. மேரி வேட் 1790-இல் சிட்னியில் இறங்கி, 1859-இல் நூற்றுக்கணக்கான வாரிசுகளை விட்டு இறந்தார். ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த கெவின் ரட் அந்த வம்சத்தில் வந்தவர். மன்னரின் உடல்நிலையும் சிறுமியின் உயிரும் ஒரே கயிற்றில் தொங்கியது வழக்குப் பதிவை மட்டும் படித்தால் தெரியாது. அதோடு அரண்மனைச் செய்திகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

லண்டனுக்கு வெளியே கதை வேறு. மாவட்ட நீதிமன்றங்களில் சாட்சியம் அச்சாகவில்லை. எழுதிய காகிதங்களில் பெரும்பகுதியைப் பிற்காலத்தில் இடமில்லை என்று கழித்துக்கட்டினார்கள். அங்கே உள்ளூர்ச் செய்தித்தாளின் நாலு வரிதான் கதி. அயர்லாந்தில் நிலைமை இன்னும் மோசம். 1922-இல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது சில நூற்றாண்டுகளின் காகிதம் சாம்பலானது. டப்ளின் கோட்டையில் தனியாக இருந்த நாடுகடத்தல் பதிவேடுகள் மட்டும் தப்பின. 1988-இல், ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் குடியேறிய 200-ஆம் ஆண்டையொட்டி அயர்லாந்து அரசு அவற்றின் நகலை அன்பளிப்பாகக் கொடுத்தது.

தீர்ப்புக்கும் கப்பலுக்கும் இடைப்பட்ட மாதங்களில் கைதியின் குடும்பம் பேசுகிறது. இந்தத் துறையில் மனதைப் பிசையும் ஆவணங்கள் கருணை மனுக்களே. மனைவி எழுதுகிறாள், அல்லது யாரையாவது வைத்து எழுதுவிக்கிறாள். ஊர்ப் பாதிரியாரும் பழைய முதலாளியும் கையெழுத்துப் போடுகிறார்கள். குழந்தைகளின் எண்ணிக்கை, வயது, வாடகைப் பாக்கி எல்லாம் வந்து விழுகின்றன. உள்துறைக் குமாஸ்தா அதன் முதுகில் ஒரே ஒரு சொல்லை எழுதி மடித்து வைத்துவிடுவார்: நில். லத்தீனில் அதற்கு ஒன்றுமில்லை என்று பொருள். தமிழில் படித்தாலும் பொருள் தப்பவில்லை.

கைதிகள் விட்டுப்போன சொந்தச் சாட்சியம் ஒன்று உண்டென்றால் அது செப்புக் காசு. பென்னி நாணயத்தின் இருபுறமும் தேய்த்து வழவழப்பாக்கி, அதில் காதலியின் பெயர், தேதி, மறந்துவிடாதே என்ற வேண்டுகோள் ஆகியவற்றைக் குத்திக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்கள். கான்பெராவில் உள்ள தேசிய அருங்காட்சியகம் இப்படி 300-க்கும் மேற்பட்ட காசுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது.

கப்பலில் ஏறியதும் கைதிக்குப் புதிய குலப்பெயர் கிடைத்தது. ஜான் ஸ்மித் என்ற பெயரில் நூற்றுக்கணக்கானோர் இருந்ததால், எந்தக் கப்பலில் எந்த ஆண்டு வந்தவர் என்பதைப் பெயரோடு ஒட்டி எழுதினார்கள். கசையடிப் பதிவு, கல்யாண விண்ணப்பம், விடுதலைச் சான்று எல்லாவற்றிலும் கப்பல் பெயர் கூடவே வரும். இருபது வருஷம் ஆனாலும், பேரன் பிறந்தாலும் கப்பல் இறங்காது. இன்றைய ஆய்வாளருக்கு இதுதான் பெரிய பிடிமானம். ஆள் பெயரை மறந்தாலும் கப்பலை மறக்காதே என்பது இந்தத் தேடலில் இறங்கும் எவருக்கும் சொல்லப்படும் முதல் அறிவுரை.

பயணக் காகிதங்களுக்கும் ஒரு ரத்த சரித்திரம் உண்டு. 1790-இல் வந்த இரண்டாவது கப்பற்படையை ஓட்டியது அடிமை வியாபாரத்தில் ஊறிய ஒரு லண்டன் கம்பெனி. தலைக்கு 17 பவுண்டு 7 ஷில்லிங் 6 பென்ஸ் ஒப்பந்தம். ஏற்றிய தலைக்குத்தான் காசு, உயிரோடு இறக்கிய தலைக்கு இல்லை. ஏறிய சுமார் ஆயிரம் பேரில் கால்வாசிக்கு மேல் வழியிலேயே செத்தார்கள். பிறகு விதிகள் மாறின. ஆனாலும் 1814-இல் வந்த ஜெனரல் ஹெவிட் கப்பலில் மறுபடி முப்பதுக்கும் மேற்பட்ட சாவு. அதைப் பற்றி விசாரித்து அறிக்கை எழுதியவர் வில்லியம் ரெட்ஃபர்ன் என்ற மருத்துவர். 1797-இல் நோர் கடற்படைக் கலகத்தில் சேர்ந்ததற்காகத் தூக்குத் தண்டனை பெற்று, அது குறைக்கப்பட்டு, நாடு கடத்தப்பட்டு வந்த கைதி அவர். ஒவ்வொரு கப்பலிலும் கடற்படை மருத்துவர் ஒருவர் கைதிகளுக்குப் பொறுப்பாக வரவேண்டும் என்ற ஏற்பாடு அந்த அறிக்கைக்குப் பிறகே நிலைபெற்றது. அந்த மருத்துவர்கள் எழுதிய நாட்குறிப்புகள் இன்று கியூவில் இருக்கின்றன. யாருக்குப் பேதி, யாருக்குக் காய்ச்சல், யார் மயங்கி விழுந்தார் என்று ஆள்வாரியாக அவை சொல்கின்றன. கைதி எழுதிய அறிக்கையால் கைதிகளின் உடம்பு ஆவணத்துக்குள் வந்தது. சிட்னியில் ரெட்ஃபர்ன் என்றொரு பேட்டையே இருக்கிறது.

அதே ஜெனரல் ஹெவிட் கப்பலில் இன்னொருவரும் வந்தார். பிரான்சிஸ் கிரீன்வே, கட்டடக் கலைஞர், பத்திரம் போலியாகத் தயாரித்த குற்றவாளி. சிட்னியின் ஹைட் பார்க் கைதிக் குடியிருப்பை வடிவமைத்தவர் அவர். 1966-இல் ஆஸ்திரேலியா வெளியிட்ட 10 டாலர் தாளில் அவர் படத்தைப் போட்டார்கள். போலிப் பத்திரக்காரரைப் பண நோட்டில் அச்சிட்ட நாடு வேறெங்கும் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

இனி உடம்பின் பதிவேடு. கரையிறங்கியதும் கைதியை நிறுத்தி வைத்து உயரம், தலைமயிரின் நிறம், கண், அம்மைத் தழும்பு, பல் போன இடம், பச்சை குத்திய இடம் என்று குமாஸ்தா எழுதிக்கொண்டே போவார். வலது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம் என்று பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதப்பட்டு வளர்ந்த நமக்கு இந்த எழுத்துநடை அந்நியமாகத் தோன்றாது. ஓடிப்போனால் பிடிக்க உதவும் என்பதுதான் நோக்கம். ஓடியவர்களின் வர்ணனையை 1803 முதல் வெளிவந்த சிட்னி கெஜட்டிலும் அச்சிட்டார்கள். அதன் முதல் ஆசிரியர் ஜார்ஜ் ஹோ, கடையில் திருடி வந்த கைதி!

ஆளைப் பிடிக்க எழுதிய அந்த வரிகளிலிருந்து மனிதர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். 1848-இல் வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தில் சதி செய்ததாக ஆயுள் தண்டனை பெற்ற தையற்காரர் வில்லியம் கஃபே, கரீபியத் தீவிலிருந்து வந்த ஒரு கறுப்பினத்தவரின் மகன். ஐந்தடிக்கும் குறைந்த உயரம். லண்டன் கூட்டங்களை ஆட்டிவைத்த பேச்சாளர் இவ்வளவு சிறிய உருவமா என்பது உடம்பின் கணக்கைப் பார்த்தால்தான் மனதில் பதியும். 1856-இல் மன்னிப்புக் கிடைத்தும் ஊர் திரும்பாமல், ஹோபார்ட்டில் ஓர் ஆதரவற்றோர் விடுதியில் 1870-இல் இறந்தார்.

பச்சை குத்தல் தனி அத்தியாயம். நங்கூரம், இதயம், சிலுவை, அம்மாவின் பெயரெழுத்து, காதலியின் பெயரெழுத்து, சில சமயம் தீர்ப்பு வந்த தேதியே. எழுதத் தெரியாதவரும் தன் உடம்பில் எழுதிக்கொண்டார். பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளின் பச்சைக் குறிகளைக் கணினியில் ஏற்றி ஆராய்ந்தபோது, குற்ற உலகத்தின் ரகசிய மொழி என்று எதிர்பார்த்த இடத்தில் பெரும்பாலும் பாசமும் பக்தியும் கடலுமே இருந்தன. அதே பேரரசு அதே காலத்தில் இந்தியக் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பிக்கொண்டிருந்தது. 1849-இல்தான் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். 1802-இல் பாளையக்காரர் போருக்குப் பிறகு சிவகங்கை அரசரையும் சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் சேர்த்து எழுபதுக்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பியதும் இதே தீவாந்தர ஏற்பாட்டின் கிளைதான். அவர்களுடைய கண் நிறத்தையும் அம்மைத் தழும்பையும் சொல்லும் வரிகளைத் தேடினால், பிரிட்டிஷ் திருடனுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு சிறு பங்குகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது புலப்படும்.

பதிவேடுகளின் உச்சம் இன்றைய டாஸ்மேனியா, அன்றைய வான் டீமன்ஸ் லாந்து. 1824-இல் ஆளுநராக வந்த ஜார்ஜ் ஆர்தருக்கு எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கைதிக்கும் நடத்தைப் பதிவு. எந்த எசமானரிடம் வேலை, என்ன தவறு, எந்த நீதிபதி, எத்தனை அடி என்று நெருக்கி நெருக்கி எழுதப்பட்டது. குடிபோதை, எதிர்த்துப் பேசியது, சொல்லாமல் போனது, வேலையில் அசட்டை. தண்டனையாக 25 கசையடி, செக்கு மிதித்தல், சங்கிலி கட்டி ரோடு போடுதல், ரொட்டியும் தண்ணீரும் கொடுத்துத் தனிக்கொட்டடி. இந்த வகைப் பதிவேடுகளை 2007-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது.

இதைப் படிக்கும்போது ஒரு கோணலைக் கவனிக்க வேண்டும். நடத்தைப் பதிவில் நல்ல நடத்தைக்கு இடமில்லை. முரடனுக்கு இரண்டு பக்கம்; பேசாமல் வேலை செய்து விடுதலை வாங்கிப் போனவனுக்கு இரண்டு வரி. கைதி வாழ்க்கை என்றாலே சங்கிலியும் சாட்டையும் என்று நம் மனதில் விழுந்திருக்கும் படத்தில் பாதி இந்தக் கோணலின் விளைவு. அடி விழுந்தது பொய்யில்லை. அடிபடாதவர்களின் நாட்கள் எழுதப்படவில்லை. வீட்டில் அடங்காத பிள்ளையைப் பற்றித்தான் உறவுக்காரர்கள் எல்லோரும் கதை வைத்திருப்பார்கள், காப்பகமும் அப்படித்தான்.

சில நேரம் காப்பகம் ஒருவரைப் பொய்யர் என்று எழுதி மூடிவிடும். உண்மை வேறு தேசத்தில் வேறு மொழியில் காத்திருக்கும். 1829 ஆகஸ்டில் சைப்ரஸ் என்ற கப்பலைக் கைதிகள் டாஸ்மேனியக் கடலோரத்தில் கைப்பற்றினார்கள். தலைவன் வில்லியம் ஸ்வாலோ. அதுவே அவனுடைய பல பெயர்களில் ஒன்று. பசிபிக் கடலைச் சுற்றிச் சீனா சேர்ந்து, கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய மாலுமிகள் என்று கதை விட்டு லண்டன்வரை போய் மாட்டிக்கொண்டார்கள். வழியில் ஜப்பானுக்குப் போனோம், எங்களைப் பீரங்கியால் சுட்டு விரட்டினார்கள் என்று ஸ்வாலோ சொன்னதை நம்புவோர் குறைவாகவே இருந்தனர். அந்நியருக்குக் கதவடைத்திருந்த ஜப்பானாவது, கைதியாவது! 2017-இல், ஜப்பானில் வசித்த ஓர் ஆங்கிலேயர் ஷிகோகு தீவின் தொகுசிமா பகுதி ஆவணங்களில் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கண்டார். 1830 ஜனவரியில் முகி கிராமத்தை ஒட்டி நின்ற வெளிநாட்டுக் கப்பலைப் பற்றிய சாமுராய் ஒருவரின் வர்ணனை அது. மீனவர் வேடத்தில் அருகே போய் வேவு பார்த்த ஹாமகுச்சி மகிதா வண்ணப் படமும் வரைந்திருந்தார். கப்பலில் இருந்த நாயைப் பார்த்து, இது சாப்பிட வளர்த்த நாயாகத் தெரியவில்லை என்றும் குறித்திருந்தார். ஸ்வாலோ சொன்ன விவரங்களோடு இது பொருந்தியது. ஸ்வாலோ 1834-இல் போர்ட் ஆர்தர் சிறையில் இறந்திருந்தான். பொய்யன் என்ற பெயர் நீங்க 187 ஆண்டு ஆயிற்று.

இத்தனை தாள்களையும் வைத்துக்கொண்டு கல்வியாளர்கள் கட்சி கட்டிச் சண்டை போட்டார்கள். 1920-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் அர்னால்ட் வுட் என்ற சிட்னிப் பேராசிரியர், வந்தவர்கள் அப்பாவிகள், உண்மையான குற்றவாளிகள் இங்கிலாந்தில் ஆட்சியில் இருந்தார்கள் என்று எழுதினார். முயல் பிடித்ததற்கும் ரொட்டி திருடியதற்கும் கப்பலேற்றப்பட்ட நல்லவர்கள் என்ற படம் அப்போது உறுதியானது. 1950-களில் மேனிங் கிளார்க் அதைக் கலைத்தார். பெரும்பாலோர் நகரத்துத் தொழில்முறைத் திருடர்கள் என்றார். 1965-இல் லாயிட் ராப்சன் பதிவேட்டிலிருந்து இருபதில் ஒருவரை எடுத்து எண்ணிப் பார்த்து ஏறத்தாழ அதே பக்கம் சாய்ந்தார். 1988-இல் ஸ்டீபன் நிக்கலஸ் தலைமையிலான பொருளியல் ஆய்வாளர்கள் தொழில், உயரம், எழுத்தறிவு ஆகிய பத்திகளைக் கணினியில் போட்டு, இவர்கள் சாதாரண பிரிட்டிஷ் தொழிலாளர்கள், கைத்தொழில் தெரிந்தவர்கள் என்றார்கள். 1996-இல் டெபோரா ஆக்ஸ்லி பெண் கைதிகளுக்கும் அதையே செய்தார். வேசிகள் என்று அக்கால அதிகாரிகள் ஒரேயடியாகத் தள்ளிய பெண்களில் பெரும்பாலோர் வீட்டு வேலைக்காரிகள், சமையல்காரிகள், தையல்காரிகள் எனக் காட்டினார்.

இதில் யார் பக்கம் நியாயம்? எண்ணிப் பார்த்தவர்கள் பக்கம்தான் கனம் அதிகம் என்றாலும், எண்களும் கைதி வாயால் சொன்ன தொழிலை நம்பியே நிற்கின்றன. கொத்தனார் என்று சொன்னால் கட்டட வேலைக்கு அனுப்புவார்கள், விவசாயக் கூலி என்றால் காட்டுக்கு. அறிவுள்ளவன் எதைச் சொல்லியிருப்பான்? குற்றம் என்ற பத்தியையும் அப்படியே விழுங்க முடியாது. 1834-இல் டார்செட் மாவட்டத்து டால்புடில் கிராமத்தில் ஆறு பண்ணைக் கூலிகள் சங்கம் சேர்ந்தார்கள். வாரக் கூலியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போன முதலாளிகளை எதிர்க்க வேறு வழியில்லை. பதிவேட்டில் அவர்களுடைய குற்றம் சட்டவிரோத உறுதிமொழி. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பி 1836-இல் மன்னிப்பு வந்தது. அந்தப் பத்தியை மட்டும் பார்க்கிறவருக்கு அது தொழிற்சங்கம் என்று எப்படித் தெரியும்?

எந்தப் பதிவும் ஈடுகட்ட முடியாத மௌனம் ஒன்று உண்டு. 1838 ஜூன் 10-ஆம் தேதி நியூ சவுத் வேல்ஸின் மயால் கிரீக் பண்ணையில் குறைந்தது 28 பழங்குடியினரை வெட்டிக் கொன்றார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். கொன்றவர்களில் பெரும்பாலோர் கைதிகளும் முன்னாள் கைதிகளும். அவர்களில் ஏழு பேர் அந்த டிசம்பரில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த ஏழு பேரும் எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்த ஊரில் பிறந்தார்கள், என்ன உயரம் என்று தேடி எழுதிவிடலாம். செத்தவர்களில் சிலருக்குப் பண்ணை ஆட்கள் செல்லமாக வைத்த ஆங்கிலப் பெயர்தான் மிஞ்சியது. வழக்கு முழுதும் நின்றது 'டாடி' என்று அழைக்கப்பட்ட ஒரு பெரியவரையும் 'சார்லி' என்ற ஒரு குழந்தையையும் வைத்துத்தான். கைதியின் துயரக் கதையைத் தேடிப் போகிறவர்கள் இந்தத் தாளையும் புரட்டிவிட்டு வர வேண்டும்.

தண்டனை முடிவதற்கும் பல படிகள் இருந்தன. 1801 முதல் தரப்பட்ட விடுப்புச் சீட்டு கிடைத்தால் சொந்தமாக வேலை பார்க்கலாம். ஆனால் குறிப்பிட்ட வட்டாரத்தைத் தாண்டக்கூடாது. நிபந்தனை மன்னிப்பு கிடைத்தவர் சுதந்திரமானவர்; இங்கிலாந்துக்கு மட்டும் போகக்கூடாது. முழு மன்னிப்பு அரிது. காலம் முடிந்தவர்க்கு விடுதலைச் சான்று. காலம் முடியுமுன் திரும்பிப் போய் இங்கிலாந்தில் பிடிபட்டால் 1834 வரை தூக்கு. டிக்கன்ஸின் நாவலில் வரும் மேக்விச் அப்படி நடுங்கியது இதனால்தான். விடுதலைச் சான்று கைக்கு வந்த நாளிலிருந்து அரசாங்கத்துக்கு அந்த மனிதரிடம் வேலையில்லை. தடமும் அதோடு மங்குகிறது. அதன் பிறகு கல்யாணம், நிலப் பத்திரம், கடன் வழக்கு, மரணம் என்று எல்லோரையும்போல ஆகிவிடுகிறார். நியூ சவுத் வேல்ஸில் பிறப்பு இறப்புப் பதிவு 1856-இல்தான் கட்டாயமானது. அந்தச் சான்றுகளில் தாய் தகப்பன் பெயர்கூட இருக்கும். மேரி ரைபி 1855 மே மாதம் இறந்தார். ஒரு வருஷம் தள்ளியிருந்தால் அவர் பெற்றோர் பெயர் அரசாங்கத் தாளில் ஏறியிருக்கும்.

பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதை மறைக்கவே பாடுபட்டார்கள். வான் டீமன்ஸ் லாந்து 1856-இல் டாஸ்மேனியா எனப் பெயர் மாற்றிக்கொண்டதில் அந்தக் கறையைக் கழுவும் ஆசையும் இருந்தது. குடும்பப் பைபிளில் தாத்தாவின் கப்பல் பெயரைச் சுரண்டியவர்கள் உண்டு. இன்று நிலைமை தலைகீழ். முதல் கப்பற்படையில் வந்த முன்னோர் இருந்தால் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். டாஸ்மேனியப் பதிவேடுகள் பக்கம் பக்கமாக இணையத்தில் இருக்கின்றன. ஆஸ்திரேலிய தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை ட்ரோவ் தளத்தில் ஏற்றிவிட்டது. பிரிட்டனின் டிஜிட்டல் பனாப்டிகான் திட்டம் ஓல்ட் பெய்லியில் தண்டனை பெற்ற 90,000 பேரின் வாழ்வை ஐம்பது தரவுத் தொகுப்புகளில் இணைத்துக் காட்டுகிறது. இவ்வளவு வசதி வந்ததில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சுட்டியை நாலு முறை தட்டினால் யாருடைய தாத்தாவோ நம் தாத்தாவாகிவிடுவார். கப்பல், தீர்ப்பு ஊர், பிறந்த ஊர், அங்க அடையாளம் ஆகிய நான்கில் மூன்றேனும் ஒத்துப்போகாதவரை ஒரு பெயரைக் குடும்ப மரத்தில் தொங்கவிடக் கூடாது என்பதே இதில் பழுத்தவர்களின் எச்சரிக்கை.

ஒத்துப்போனாலும் எச்சரிக்கை தேவைதான். 1828 நவம்பரில் நியூ சவுத் வேல்ஸ் முழுக்கக் கணக்கெடுப்பு நடந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கைதியா, தண்டனை முடிந்தவரா, இங்கேயே பிறந்தவரா, சுதந்திர ஆளாக வந்தவரா என்று எழுத வேண்டும். மேரி ரைபி, தாம் 1821-இல் சுதந்திர ஆளாக வந்ததாகச் சொன்னார். அவர் 1820-இல் மகள்களோடு இங்கிலாந்துக்குப் போய், அடுத்த ஆண்டு கப்பல் டிக்கெட் எடுத்துத் திரும்பி வந்திருந்தார்.